முன்வாசலில் வந்த மாசாணியக்கா

அவினாசி ரோட்டில் கண்ணாடி முகப்பு வைத்த பெரிய ஓட்டல்களில் ஒன்றில் நாங்கள் வேலை செய்கிறோம். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த மெமோ எனக்கு வரும். நாங்கள் என்றால் செவ்வந்தியாகிய நான், மாசாணியக்கா, இன்னும் இருபத்தாறு பெண்கள். அறையைப் பெருக்கித் துடைத்து, குளியலறை கழுவி, படுக்கை விரித்து, போனவர் இருந்த சுவடே தெரியாமல் வருகிறவருக்குத் திறந்து வைப்பது எங்கள் வேலை. சுவடு தெரியக்கூடாது என்பது எங்களுக்கும் சேர்த்துத்தான். பின்வாசலில் வந்து, சர்வீஸ் லிஃப்டில் ஏறி, கீழே பேஸ்மென்ட்டில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். யூனிபாரத்தோடு லாபியில் நடமாடினால் சூப்பர்வைசரிடம் நாள் முழுக்கப் பேச்சு கேட்க வேண்டும்.

மாசாணியக்கா பிறந்தது ஆனைமலைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஒரு தென்னந்தோப்பில் பண்ணையத்துக்கு, அதாவது வருஷக் கூலிக்கு, இருந்தவர்கள். எட்டாவது முடித்த பிள்ளையைத் தேங்காய் பொறுக்க அனுப்பினார்கள். கட்டிக்கொடுத்தது மேட்டுப்பாளையத்தில். அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் அண்ணன் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறார். அக்கா பதினோரு வருஷம் ஒரு நூற்பாலையில் நின்றாள். மில்லை மூடியதும் இங்கே வந்தாள். வந்து பதினாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் விடியலில் முதல் பஸ் பிடித்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் யூனிபாரம் மாட்டி நிற்பாள்.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம் கண்டுபிடித்தால் நான் வேலையை விட்டுவிடுகிறேன். வாய்தான் அடங்காது. ஒரு முறை நாலாவது மாடியில் ஒரு கஸ்டமர், படுத்த இடத்திலிருந்து விரலைச் சொடுக்கி அவளைக் கூப்பிட்டார். அக்கா கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "நாய் கூட்டிட்டு வந்திருக்கீங்களா சார்? ரூமுக்குள்ள விடக்கூடாதுங்க" என்றாள். அவளுடைய முதல் மெமோ அதற்கு வந்ததுதான்.

பிறந்தநாள் என்று அவளுக்கு ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் கேட்டிருக்கிறார். சோளம் அறுத்துக்கொண்டிருந்தபோது வலி வந்தது என்பதைத் தவிர அவள் அம்மாவுக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. வாத்தியார் ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தானாம். ஆதாரிலும் அதுதான் ஏறியிருக்கிறது. நாங்கள் வருஷா வருஷம் பேஸ்மென்ட்டில் அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்து வாழ்த்துச் சொல்வோம். வாத்தியாருக்குப் போய்ச் சொல்லுங்கள் என்று மிட்டாயை மட்டும் வாங்கி வாயில் போட்டுக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே மகள், மதிவதனி. படித்து முடித்து சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறாள். இந்த வருஷம் ஜூன் ஒன்று சனிக்கிழமையில் வந்தது. அம்மாவுக்கு ஐம்பது நிறைகிறது என்று கணக்குப் போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஏற்பாடு செய்தாள். கோயமுத்தூரில் தோழி கல்யாணம், சனியும் ஞாயிறும் லீவு போடு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வா என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாள். சனிக்கிழமை என் வாரவிடுப்பு. அதை நான் அக்காவுக்கு விட்டுக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கு அவள் லீவு எழுதிக் கொடுத்தாள். அந்த இரண்டு நாளும் அவளுடைய நாலாவது மாடி என் பொறுப்பில் வந்தது. சென்னியப்பன் அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை மண்டியில் லோடு இறங்கும், நீங்கள் போய் வாருங்கள் என்று அவர் கழன்றுகொண்டார்.

சனிக்கிழமை காலை காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மகள் கட்டிப்பிடித்து, கல்யாணமும் இல்லை காதுகுத்தும் இல்லை, இன்றைக்கு உனக்குப் பிறந்தநாள் என்றிருக்கிறாள். பொய் சொல்லி லீவு போட வைத்தாயே என்று அக்கா நடுத்தெருவில் நின்று திட்டினாளாம். திட்டி முடித்துவிட்டு, சரி எங்கே கூட்டிக்கொண்டு போகிறாய் என்று கேட்டாளாம். ரவா தோசை சாப்பிட்டார்கள். ஒரு மாலுக்குப் போய் ஓடுகிற படிக்கட்டில் நாலு தடவை ஏறி இறங்கினார்கள். நாலாவது தடவை அக்காவே கேட்டு ஏறியது. உக்கடம் பெரியகுளக் கரையில் உட்கார்ந்து மாங்காய் தின்றார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இதெல்லாம் அக்கா பின்னால் எனக்குச் சொன்னது. பாதியை மதி போனில் காட்டினாள். எல்லாப் போட்டோவிலும் அக்கா முறைத்துக்கொண்டுதான் நிற்கிறாள். அவள் சந்தோஷமாக இருக்கும்போது முகம் அப்படித்தான் இருக்கும்.

மூன்று மணிக்கு மதி ஒரு டாக்ஸி பிடித்தாள். கடைசி சர்ப்ரைஸ் இருக்கிறது, ராத்திரி ஒரு பெரிய ஓட்டலில் தங்கப் போகிறோம் என்றாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் படுக்கையை விரிக்கிற அம்மா ஒரு நாளாவது விரித்த படுக்கையில் படுக்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளையின் ஆசை. டாக்ஸி அவினாசி ரோட்டில் திரும்பி, மேம்பாலத்துக்குக் கீழே ஊர்ந்து, ஒரு கேட்டுக்கு முன்னால் நின்றது. அக்கா தலையை நீட்டிப் பார்த்தாள். எங்கள் ஓட்டல்.

மதியைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த ஓட்டல் கைமாறி, வாயில் நுழையாத ஒரு புதுப் பெயரை வைத்தார்கள். நாங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. இன்னமும் எங்களுக்கு அது பழைய முதலாளியின் பெயரில் "செட்டியார் ஓட்டல்"தான். அக்கா வீட்டிலும் அப்படித்தான் சொல்லுவாள். மதி போனில் தேடும்போது வந்தது புதுப் பெயர். படத்தில் இருந்தது முன்பக்கம். படிக்கிற காலத்தில் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்க இரண்டு தடவை இங்கே வந்திருக்கிறாள். வந்தது பின்பக்கத்துச் சந்து. பின்கேட்டைப் பார்த்தவளுக்கு முன்வாசல் எப்படித் தெரியும்? வேலை பார்க்கிற அம்மாவுக்கே அந்த முகப்பை வெளியிலிருந்து நின்று பார்க்க நேரம் வாய்த்ததில்லை.

விஷயம் தெரிந்ததும் மதிக்கு முகம் செத்துப்போனது. போய்விடலாம், வேறு எங்காவது தங்கலாம் என்று டிரைவரைத் திருப்பச் சொன்னாள். அக்கா டிரைவரைக் கை காட்டித் தடுத்தாளாம். பிறகு கேட்டாள். "பணம் கட்டியாச்சா?"

"கட்டியாச்சும்மா."

"எம்பேருலயா?"

"உன்ற பேருலதான். உன்ற ஆதார்தான் குடுத்திருக்கேன்."

"அப்ப எறங்கு."

மேலே நாலாவது மாடியில் நான் ஒன்றும் தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் ஓட்டலில் ஒரு வழக்கம் உண்டு. தங்க வருகிறவரின் ஆதாரில் பிறந்த தேதி அன்றைக்கு விழுந்தால் ரிசப்ஷனிலிருந்து எங்களுக்குச் சீட்டு வரும். கட்டிலில் டவலை மடித்து அன்னப்பறவை செய்து வைத்து, பூ தூவி, வாழ்த்து அட்டை நிறுத்த வேண்டும். அன்றைக்கு நானூற்றுப் பன்னிரண்டுக்குச் சீட்டு வந்தது. பெயர் போடாமல் அறை எண் மட்டும்தான் போடுவார்கள். அன்னப்பறவை மடிப்பதில் மாசாணியக்காதான் கைகாரி. நான் மடித்தால் கழுத்து தொங்கிவிடும். அன்றும் தொங்கியது. பார்க்கிறவர் வாத்து என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

கீழே ரிசப்ஷனில் இருந்த பெண் அக்காவைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில், ஏன் இந்தப் பக்கம் வந்தீர்கள், சார் பார்த்தால் திட்டுவார் என்றிருக்கிறாள். அக்கா ஆதாரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், ஆதாரைப் பார்த்தாள், உள்ளே ஓடி மேனேஜரைக் கூட்டி வந்தாள்.

மேனேஜர் சுரேந்தர் தாராபுரத்துப் பக்கம் நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை. வயது முப்பத்தைந்து இருக்கும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. கஸ்டமரிடம் பேசினால் தேன் ஒழுகும். சின்னக் குழந்தையைக்கூட வாங்க கண்ணு, உக்காருங்க கண்ணு என்பார். எங்களிடம் வரும்போது மட்டும் அந்த மரியாதையை எங்கேயோ கழற்றி வைத்துவிடுவார். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவளை "மாசாணி, இங்க வா" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அப்படியும் கூப்பிட முடியாமல், அம்மா என்றும் வாய் வராமல், மதியைப் பார்த்தே பேசினார். இதைவிட நல்ல ஓட்டலில் அறை போட்டுத் தருகிறேன், ஓட்டல் காரிலேயே கொண்டுபோய் விடச் சொல்கிறேன், அம்மாவுக்கு அங்கேதான் வசதியாக இருக்கும் என்றார்.

அக்கா குறுக்கே புகுந்தாள். "இந்த ஓட்டலுக்கு என்ன குறைங்க சார்? பதினாலு வருசமா நாந்தான சுத்தமா வெச்சிருக்கேன்."

வேலைக்காரர்கள் விருந்தாளியாக வரக்கூடாது என்று ரூல் புத்தகத்தில் வரி இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று எழுதியவனுக்குத் தோன்றியிருக்காது. சுரேந்தர் சாவியைக் கொடுக்கச் சொன்னார். சர்வீஸ் லிஃப்ட் அந்தப் பக்கம் இருக்கிறது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். தெரியும் சார் என்று சொல்லிவிட்டு அக்கா விருந்தாளிகள் லிஃப்டில் ஏறினாள்.

நானூற்றுப் பன்னிரண்டுக்குக் கூடுதல் தண்ணீர் பாட்டில் கேட்டார்கள். நான் கதவைத் தட்டி "ஹவுஸ்கீப்பிங்" என்றேன். கதவைத் திறந்தது மாசாணியக்கா. உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினேன். யார் ரூமில் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாய், வேலைக்கு உலை வைக்காதே என்று பதறினேன். மதி வந்து விஷயத்தைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்தேன். அதற்குள் அக்கா கட்டிலருகே போய், தொங்கிக் கிடந்த என் அன்னப்பறவையைப் பிரித்து, உதறி, மறுபடி மடித்து நிமிர்த்தி வைத்துவிட்டாள். கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பில் விரலை ஓட்டி எனக்குத் தூசியைக் காட்டினாள். கஸ்டமராக வந்தும் கங்காணி வேலையா என்று கேட்டேன். காசு கொடுத்த கஸ்டமர் இதற்கு மேலேயும் கேட்பாள் என்றாள். அதோடு விடவில்லை. தண்ணீரை மேஜையில் வைக்கச் சொன்னாள், வைத்தேன். நன்றி சொன்னாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ அறைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறேன். நன்றி சொன்னவர்களை எண்ணிவிடலாம்.

ராத்திரி கட்டிலில் தூக்கம் வராமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பாள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு அவளைத் தெரியவில்லை. நடுக்கட்டிலில் கையைக் காலைப் பரத்திப் படுத்துவிட்டாளாம். மதிக்கு ஓரத்தில் ஒரு முழம் இடம்தான் கிடைத்தது. மறுநாள் காலை, மகள் வாங்கித் தந்த மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு கீழே சாப்பாட்டு ஹாலுக்குப் போனாள். பொங்கல், வடை, நறுக்கிய பழம், பெயர் தெரியாத ரொட்டி எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வைத்துக்கொண்டு, ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் சாப்பிட்டாள். பரிமாறுகிற பையன்கள் எங்கள் பேஸ்மென்ட்டில் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள்தான். ஒவ்வொருவனாக வந்து காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் மூன்று காபி குடித்தாள்.

இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மருதமலை போய்ச் சாயங்காலம் மகளை ரயிலேற்றுவதாகத் திட்டம்.

கஸ்டமர் காலி செய்யும்போது ரிசப்ஷனிலிருந்து எங்களுக்குப் போன் வரும். நாங்கள் அறைக்குள் போய் டவல், தலையணை, கெட்டில், ஹேங்கர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து "க்ளியர்" என்று சொல்ல வேண்டும். நான் பார்த்தேன். அறையைப் பெருக்கிக்கூட வைத்திருந்தாள் அந்தப் பாவி. படுக்கை விரிப்பை உருவி மடித்து, அழுக்கு டவல்களைத் தனியாகக் குவித்து, எனக்கு வேலையே வைக்கவில்லை. க்ளியர் என்றேன். இரண்டு நிமிடத்தில் மறுபடி போன். சார் இன்னொரு தடவை பார்க்கச் சொல்கிறார் என்றாள் ரிசப்ஷன் பெண். ஹேங்கரைக்கூட எண்ணினேன். எல்லாம் இருந்தது. க்ளியர் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ட்ராலியை ஓரமாக விட்டுவிட்டு சர்வீஸ் படிக்கட்டில் இறங்கி, முதல் மாடி வளைவில் நின்று பார்த்தேன். அங்கிருந்து லாபி தெரியும், பேச்சும் கேட்கும்.

எங்களுக்கு ஒரு ரூல் உண்டு. வேலை முடிந்து கிளம்பும்போது பின்கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். செக்யூரிட்டி நஞ்சுண்டன் அண்ணன் டார்ச் அடித்துப் பார்ப்பார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பார், பர்ஸைத் திறந்து பார்ப்பார். மாதவிலக்கு நாளில்கூட அந்தப் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டுப் பார்ப்பார். பார்க்க அவருக்கே கூச்சமாக இருக்கும், மூஞ்சியை வேறு பக்கம் வைத்துக்கொண்டு பார்ப்பார். அந்த ரூலைத்தான் சுரேந்தர் இப்போது பிடித்துக்கொண்டார். ஸ்டாஃப் யார் வெளியே போனாலும் பையைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும், விசேஷமாக ஒன்றும் இல்லை, வழக்கமான ரூல்தான் என்றார். பின்கேட் வழியாகப் போனால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார். அதையும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

அக்கா பையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு லாபி சோபாவில் உட்கார்ந்தாள். நடுவில் கிடக்கிற பெரிய சோபா. வாரம் தவறாமல் நாங்கள் ஷாம்பூ போட்டுத் தேய்க்கிற சோபா.

மதி பயந்துபோனாள். அந்தப் பிள்ளை செய்த ஏற்பாடு இப்படி அம்மாவின் வேலையில் வந்து நிற்கிறதே என்று அவளுக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கெஞ்சினாள். "அம்மா, தெறந்து காட்டிப்போட்டுப் போயிரலாம்மா. உள்ள ஒண்ணுமே இல்லியே."

"ஒண்ணும் இல்லீல்ல? அதுக்குத்தான் தெறக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

மதி அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இருபத்தாறு வயதுப் பெண், நாலு வருஷம் தனியாகச் சென்னையில் சமாளித்தவள், அந்த லாபியில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பையை விட்டுக் கையை எடுக்கவில்லை.

எதிரில் ஒரு குடும்பம் பெட்டி பெட்டியாக இறக்கி வைத்துக் கணக்கு முடித்துக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பெட்டிகளைக் கை காட்டினாள். "அவிய பெட்டியத் தெறந்து பாருங்க சார். அப்பறம் அந்தா அவுரு பையி. அப்பறம் அந்தம்மாவுது. எல்லாத்தையும் பாத்து முடிங்க. கடைசி ஆளா என்றதக் காட்டறேன்."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் லாபியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிக்காரக் குடும்பத்துப் பெரியவர் என்னங்க விஷயம் என்று சுரேந்தரிடம் கேட்டார். ஒன்றும் இல்லைங்க, நம்ம ஸ்டாஃப்புதானுங்க என்றார் சுரேந்தர். ஸ்டாஃப் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவருக்கு ஆர்வம் போய்விட்டது. பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார். எனக்கு மேலேயிருந்து இறங்கிப் போய் இரண்டு பேரையும் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தது. போகவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கின்றன என்று நினைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோழைத்தனத்தை இங்கே ஒளிக்க விரும்பவில்லை.

ஒரு மணி நேரம் ஆனது. அவள் எழுந்திருக்கவில்லை. சுரேந்தர் இரண்டு முறை உள்ளே போய்ப் போன் பேசிவிட்டு வந்தார். கடைசியில் பின்கேட்டிலிருந்து நஞ்சுண்டன் அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். அறுபது வயது மனுஷன் தொப்பியைச் சரி செய்துகொண்டு லாபிக்குள் வந்து நின்றார். பையைச் செக் பண்ணுங்கள் என்றார் சுரேந்தர்.

நஞ்சுண்டன் அண்ணன் அக்காவைப் பார்த்தார். அவள் கட்டியிருந்த சேலையைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த மதியைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்குப் பின்கேட் டூட்டிங்க சார். முன்னால வாரவிய பையத் தொடறதுக்கு எனக்கு ஆர்டர் இல்லீங்க. ஆர்டர எழுதிக் குடுங்க, பாக்கறேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் நகரவும் இல்லை. அங்கேயே நின்றார். எழுதிக் கொடுக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், சுரேந்தருக்கும் தெரியும். விருந்தாளியின் பையைச் சோதிக்கச் சொல்லி ஒரு ஓட்டல் மேனேஜர் கையெழுத்துப் போட்டால் அவருக்கும் மேலே இருப்பவர்கள் அவரை விடமாட்டார்கள். சுரேந்தர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சரி, கிளம்பச் சொல்லுங்கள் என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பன்னிரண்டே முக்காலுக்கு மாசாணியக்கா எழுந்து, சேலைக் கொசுவத்தைச் சரி செய்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவு வழியாக வெளியே போனாள். கதவைத் திறந்துவிடுகிற ஆள் சல்யூட் அடித்தான். அவன் எல்லோருக்கும் அடிக்கிற சல்யூட்தான். அந்தப் பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். உங்களுக்கு எதற்கு அது?

மருதமலைக்குப் போக இரண்டு பேருக்கும் மனசில்லாமல் போனது. மதி அழுத கண்ணோடுதான் ரயிலேறினாள். ஸ்டேஷனில் கடைசி நிமிடம் வரைக்கும், என்னால்தான் எல்லாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அக்கா அவளுக்கு ஒரு முறுக்குப் பாக்கெட் வாங்கிக் கொடுத்து, படுக்கை நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

திங்கட்கிழமை மெமோ வந்தது. விருந்தாளிகள் லிஃப்டை உபயோகித்தது, உடன் வேலை செய்பவர்களை வேலை வாங்கியது, சோதனைக்கு ஒத்துழைக்காதது, லாபியில் அமர்ந்து விருந்தாளிகளுக்கு இடைஞ்சல் செய்தது, இவற்றுக்கெல்லாம் மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், தவறினால் வேலையிலிருந்து நீக்கப்படலாம் என்று இருந்தது. எச்.ஆரில் இருக்கிற ரித்திகா என்ற பெண் நல்ல பிள்ளை. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், கடைசியில் நடந்ததற்கு வருந்துகிறேன் என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

பேஸ்மென்ட்டில் சாப்பாட்டு மேஜையில் வைத்து நானும் அதையே சொன்னேன். ஒரு வரிதானே அக்கா, எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றேன். ஐம்பது வயதில் வேலை போனால் எங்கே போய் நிற்பாய் என்றேன். சென்னியப்பன் அண்ணனுக்கு இடுப்பு வலி வந்ததை ஞாபகப்படுத்தினேன்.

"நீ எத்தன தடவ எழுதிக் குடுத்திருக்கறே அந்த வரிய?" என்று கேட்டாள்.

மூன்று தடவை என்றேன்.

"அதுக்கப்பறம் உன்ற பையப் பாக்கறத நிறுத்திப்போட்டாங்களா?"

நான் சோற்றைப் பிசைந்தேன். அவள் இலையை மடித்துப் போட்டுவிட்டுக் கை கழுவி வந்து, எட்டாம் வகுப்புக் கையெழுத்தில், ஒரு பக்கம் எழுதினாள். எழுத முக்கால் மணி நேரம் ஆனது. ஐந்து மணிக்கு முன்னால் கொண்டுபோய் ரித்திகாவிடம் கொடுத்தாள். ரித்திகா படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். சீல் வைத்து வாங்கிக்கொண்டாள்.

வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஒரு நாளைக்குப் பதினாலு அறையை இவளைப் போல முடிக்கிறவள் எங்கே கிடைப்பாள்? சம்பளமில்லாமல் மூன்று நாள் நிறுத்தி வைத்தார்கள். நாலாம் நாள் வந்து ட்ராலியைத் தள்ளிக்கொண்டு மேலே போனாள். ஜெயித்துவிட்டாள் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. ரூல் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கடிதம் மட்டும் அவளுடைய ஃபைலில் இருக்கிறது. கொடுப்பதற்கு முன்னால் நான் என் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். மனசு சரியில்லாத நாட்களில் எடுத்துப் படிப்பேன். அதில் எழுதியிருப்பது இதுதான்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, ஹவுஸ்கீப்பிங் மாசாணியம்மாள் எழுதுவது. ஒன்றாம் தேதியும் இரண்டாம் தேதியும் நான் இந்த ஓட்டலில் விருந்தாளியாக இருந்தேன். விருந்தாளி போகும் லிஃப்டில் போனேன். விருந்தாளி உட்காரும் சோபாவில் உட்கார்ந்தேன். செவ்வந்தி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அது அவள் வேலை, நன்றாகச் செய்தாள். என் பையை நான் திறக்கவில்லை. பதினாலு வருடமாகத் தினமும் திறந்து காட்டியிருக்கிறேன். ஒரு நாளும் அதில் உங்கள் பொருள் இருந்தது கிடையாது. வேலைக்கு வரும் நாளில் இனியும் காட்டுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்கு வரவில்லை. கடைசியில் வருந்துகிறேன் என்று எழுதச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தேன். வருந்துகிற மாதிரி நான் எதுவும் செய்யவில்லை. என் பிறந்தநாளுக்கு வந்த என் மகள் உங்கள் லாபியில் உட்கார்ந்து அழுதாள். அதற்கு யாராவது வருத்தம் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். இப்படிக்கு, செ. மாசாணியம்மாள்."